கேஸ் நிரப்பும் முன் அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் போய் நில்லுங்கள்

கேள்வி: எங்கள் படுக்கையறையில் ஆறு ஆண்டுகளாக 1.5 டன் ஸ்பிளிட் ஏ.சி. இருக்கிறது. இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண வகை. இரவில் நன்றாகக் குளிர்கிறது. பகல் 12 மணிக்கு மேல் 24 டிகிரியில் வைத்தாலும் அறை 29 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. 16 வரை குறைத்துப் பார்த்தும் பயனில்லை. நடுநடுவே வெறும் காற்று மட்டும் வருகிறது. அரை மணி நேரம் போனபின் தானாகவே மறுபடி குளிரத் தொடங்குகிறது. போன வருடம் இதே நாட்களிலும் இந்தத் தொல்லை வந்தது. அப்போது வந்த மெக்கானிக் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்து, கேஸும் நிரப்பினார். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. இப்போது வந்தவர் எதையும் திறந்து பார்க்காமலேயே "கேஸ் இறங்கிவிட்டது" என்கிறார். மழையில் நனையக் கூடாது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவுட்டோர் யூனிட்டுக்குத் தகரக் கூரை போட்டு, முன்னால் மறைப்பும் கட்டினோம். அதைத் தவிர வேறு எந்த மாற்றமும் செய்யவில்லை. பகலில் அந்த அறையில் படுத்திருப்பவர் 80 வயதான என் மாமனார். கேஸ் நிரப்பலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் வேண்டாம், இந்த வாரத்திற்காவது வேண்டாம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வந்த மெக்கானிக் பார்க்காமல் விட்டதையெல்லாம் நீங்கள் கூர்ந்து பார்த்து எழுதியிருக்கிறீர்கள். இரவில் குளிர்கிறது, பகலில் இல்லை. நடுவில் நின்று, தானாகவே திரும்ப ஓடுகிறது. சுத்தம் செய்த பிறகு இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தது. இவற்றுக்குப் பிறகு, பெரிதாக ஒன்றுமில்லை என்பதுபோல் ஒரு தகரக் கூரையையும் ஒரு மறைப்பையும் சொல்லியிருக்கிறீர்கள். என் சந்தேகம் முழுவதும் அந்தக் கூரையின் மேல்தான்.

முதலில் கேஸ் விஷயத்தைப் பேசிவிடுவோம். ஏ.சி.க்குள் இருக்கும் குளிர்பதன வாயு, வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் போலச் செலவாகித் தீர்வதில்லை. மூடிய செம்புக் குழாய்களுக்குள் அதே வாயுதான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. அது குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசியும் இடத்தைத் தேடாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். உங்கள் ஏ.சி.யில் போன வருடம் யாரும் ஓட்டையைத் தேடியதாகத் தெரியவில்லை. நிரப்பிய வாயு இரண்டே மாதத்தில் குறையும் அளவுக்கு ஒரு கசிவு இருந்திருந்தால், அது அதோடு நின்றிருக்காது. இந்நேரம் குழாய் கிட்டத்தட்ட காலியாகி, இரவிலும் ஏ.சி. வெறும் மின்விசிறியாக ஓடிக்கொண்டிருக்கும். இரவில் இன்றும் நன்றாகக் குளிர்கிறது என்கிறீர்களே, அது ஒன்றே "கேஸ் இறங்கிவிட்டது" என்ற பேச்சைச் சந்தேகப்படப் போதுமானது.

போன வருடம் ஒரே நாளில் இரண்டு வேலை நடந்திருக்கிறது: தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்தது ஒன்று, கேஸ் நிரப்பியது ஒன்று. பலன் கிடைத்ததும் பெயர் கேஸுக்குப் போய்விட்டது. உண்மையில் வேலை செய்தது தண்ணீராக இருக்கலாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், ஏ.சி. குளிரை உற்பத்தி செய்யும் இயந்திரம் அல்ல. அறையிலுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதுதான் அதன் வேலை. உள்ளே இருக்கும் 'காயில்' எனப்படும் சுருள் குழாய் அள்ளுகிறது. வெளியே இருக்கும் 'கண்டென்சர்' எனப்படும் இன்னொரு காயில் கொட்டுகிறது. கொட்டும் இடம் அடைபட்டால் அள்ளும் வேலையும் நின்றுபோகும். 1.5 டன் என்பது மணிக்கு 18,000 பி.டி.யு.; அதாவது சுமார் 5.3 கிலோவாட் வெப்பம். வாயுவை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். எல்லாம் சேர்ந்து உங்கள் அவுட்டோர் யூனிட் முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 7 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஆயிரம் வாட் ஹீட்டர்களாக ஏழு எடுத்து வரிசையாக வைத்து, மேலே தகரத்தையும் முன்னால் மறைப்பையும் போட்டு மூடினால் அந்த இடம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவுட்டோர் யூனிட் பின்பக்கமும் பக்கவாட்டிலும் காற்றை இழுத்து, முன்பக்கம் ஊதுகிறது. ஊதிய சூட்டுக் காற்று மறைப்பில் மோதி, கூரையில் தட்டி, பின்னால் திரும்பி வந்து அதே காயிலுக்குள் மறுபடி நுழைகிறது. தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுப்பது போன்ற நிலை இது.

ஏ.சி. மீது அச்சடிக்கப்பட்டிருக்கும் திறன், ஐ.எஸ்.ஓ. 5151 தரநிலையின் வழக்கமான சோதனைப்படி, வெளியே 35 டிகிரியும் உள்ளே 27 டிகிரியும் இருக்கும்போது அளந்தது. வெளிக்காற்று 35 டிகிரியைத் தாண்டத் தாண்ட இயந்திரத்தின் திறன் குறைந்துகொண்டே போகும். வெளியே நிழலில் 37 டிகிரி இருக்கும் நாளில், உங்கள் தகரக் கூரைக்குக் கீழே 47, 48 டிகிரி இருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன். கண்டென்சருக்குள் ஓடும் வாயு தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பத்தை விட முடியும். ஆகவே அழுத்தம் ஏறுகிறது, கம்ப்ரசர் திணறுகிறது, அதிக மின்சாரம் இழுக்கிறது, ஒரு கட்டத்தில் சூடேறி அதன் பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்திவிடுகிறது. அது ஆறியதும் மறுபடி ஓடுகிறது. நீங்கள் எழுதிய "அரை மணி நேரம் வெறும் காற்று" அநேகமாக இதுதான். அறை 29 டிகிரியில் இருக்க, 24 வைத்த தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய காரணமே இல்லை.

"அநேகமாக" என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தைத்தான் நானும் எதிர்க்கிறேன். உண்மையை நீங்களே அறிந்துகொள்ள இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒரு சாதாரண அறை வெப்பமானி போதும்.

அடுத்த முறை வெறும் காற்று வரும்போது அவுட்டோர் யூனிட்டின் அருகே போய்க் காது கொடுங்கள். விசிறி சுற்றுகிறது, ஆனால் கம்ப்ரசரின் கனத்த உறுமல் இல்லை என்றால், கம்ப்ரசர் சூட்டில் நின்றிருக்கிறது. விசிறியும் கம்ப்ரசரும் இரண்டுமே நின்றிருந்தால் கதை வேறு: உள்ளேயிருக்கும் வெப்ப உணரி இடம் நகர்ந்து, குளிர்ந்த காயிலைத் தொட்டுக்கொண்டு, அறையே குளிர்ந்துவிட்டதாக எண்ணி இயந்திரத்தை நிறுத்துகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து, பகல் 2 மணிக்கு ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது வெப்பமானியை அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம், அது காற்றை இழுக்கும் இடத்தில் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். பிறகு வீட்டின் வேறொரு பக்கத்தில், காற்றோட்டமான நிழலில் பத்து நிமிடம். இரண்டுக்கும் ஓரிரண்டு டிகிரி வேறுபாடு இருக்கலாம். ஆறு, ஏழு டிகிரி என்றால் சூட்டுக் காற்று திரும்புகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இந்த இரண்டாவது சோதனையை என் வாடிக்கையாளர்கள் யாரும் இதுவரை செய்து பார்த்ததில்லை. எல்லோரும் உள்ளே இருக்கும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியே இருப்பதுதான் பாதி ஏ.சி.

சோதனை உறுதி செய்தால், முன்னால் இருக்கும் மறைப்பை முதலில் கழற்றுங்கள். அருகில் பெட்டிகள், செடித் தொட்டிகள் இருந்தால் அவற்றையும் நகர்த்துங்கள். தகரக் கூரையும் தேவையில்லை. அவுட்டோர் யூனிட் மழையில் நிற்பதற்கென்றே செய்யப்பட்டது. நனைவதால் அதற்கு ஒரு கேடும் இல்லை. வெயில் நேரே அடிக்கிறது என்று நிழல் தர விரும்பினால், கூரையை நன்றாக உயர்த்தி, நான்கு பக்கமும் திறந்து விடுங்கள்.

அதன்பின் கண்டென்சரைச் சுத்தம் செய்ய வேண்டும். மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசியும் நூலும் சேர்ந்து கம்பளி விரித்தது போல் அடைத்திருக்கும். ரிமோட்டில் அணைத்தால் போதாது, ஏ.சி.யின் தனி சுவிட்சையே அணைத்துவிட வேண்டும். சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெதுவாக, காற்று போகும் திசைக்கு எதிராக, உள்ளிருந்து வெளியே தள்ளும்படி பாய்ச்ச வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகும். வாகனம் கழுவும் அதிவேக இயந்திரத்தைப் பயன்படுத்த அனுமதிக்காதீர்கள். தகடுகள் மடங்கி, அழுக்கு அடைத்ததைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். யூனிட் மாடிச் சுவரின் வெளிப்பக்கம் தொங்குகிறது என்றால் வீட்டில் யாரும் எட்டிப் பார்த்துச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். வருபவரும் பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று சொல்லுங்கள். இந்தத் தொழிலில் உயரத்திலிருந்து விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

உள்ளே இருக்கும் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். படுக்கையில் இருப்பவர் அறையில் துணித் தூசி கூடுதலாகப் பறக்கும். ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். 16 டிகிரியில் வைப்பதை விட்டுவிடுங்கள். உங்களுடைய சாதாரண வகை ஏ.சி.யில் கம்ப்ரசர் ஓடும் அல்லது நிற்கும். அதற்குக் குறைந்த வேகம், கூடிய வேகம் கிடையாது. அறை 29 டிகிரியில் இருக்கும்போது 24 வைத்தாலும் 16 வைத்தாலும் அது ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும்.

இதையெல்லாம் செய்தபின், ஏ.சி.யை 20 நிமிடம் ஓடவிட்டு, இன்டோர் யூனிட் மேல்பக்கம் காற்றை இழுக்கும் இடத்திலும் கீழே காற்று வெளிவரும் இடத்திலும் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள். சுமார் 8 முதல் 12 டிகிரி வரை வேறுபாடு இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. இரவில் ஒருமுறை, பகலில் ஒருமுறை அளந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும்.

பகலில் வேறுபாடு இன்னும் 4, 5 டிகிரிதான் இருக்கிறது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். அவர் முதலில் பார்க்க வேண்டியது அவுட்டோர் விசிறியின் கெபாசிட்டரை (விசிறி மோட்டாருக்கு உந்துதல் தரும் சிறு மின்பாகம்). அது பலவீனமானால் விசிறி சுற்றும், ஆனால் போதிய வேகத்தில் சுற்றாது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் நான் அதைக் கவனிக்கத் தவறினேன். ஒரு வீட்டில் இதே புகார்: பகலில் குளிரவில்லை. விசிறி சுற்றுவதைப் பார்த்தேன், கேஸ் குறைவு என்று முடிவு கட்டி நிரப்பிவிட்டு வந்தேன். பத்து நாளில் கம்ப்ரசர் எரிந்துவிட்டது. வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த இயந்திரத்தில் மேலும் வாயுவைத் திணித்து, அழுத்தத்தை இன்னும் ஏற்றியிருந்தேன். அந்த வீட்டின் பெரியவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அவருக்கு நான் ஏற்படுத்திய இழப்பு இன்றும் மனத்தை உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளமாகப் போகிறது. கெபாசிட்டரை நீங்கள் தொட வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

அடுத்து மெக்கானிக், மின்கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் கம்ப்ரசர் இழுக்கும் ஆம்பியரை அளக்கட்டும். உங்கள் வழக்கில் உண்மையைப் பிரித்துக் காட்டப்போவது இந்த அளவுதான். கேஸ் குறைந்தாலும் கம்ப்ரசர் சூடேறி நிற்கக்கூடும். கண்டென்சர் அடைத்தாலும் நிற்கக்கூடும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கேஸ் குறைந்த ஏ.சி., அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதைவிடக் குறைந்த ஆம்பியர் இழுக்கும். வெப்பத்தை வெளியே விட முடியாத ஏ.சி. அதைவிட அதிகம் இழுக்கும். போன வருடம் அளவு பார்க்காமல் கேஸைக் கூடுதலாக நிரப்பியிருந்தாலும் ஆம்பியர் அதிகமாகத்தான் காட்டும், பகலில்தான் தொல்லை தரும். அந்தச் சாத்தியத்தையும் மறக்க வேண்டாம். மறைப்பை நீக்கி, காயிலையும் கழுவி, விசிறியும் சரியாக இருந்தும் ஆம்பியர் குறையவில்லை என்றால் வாயுவைச் சேர்க்கக் கூடாது; இருப்பதை முறைப்படி மீட்டெடுத்து, சரியான எடையில் நிரப்ப வேண்டியிருக்கும்.

அழுத்தமானியை மாட்டி, "முள் கீழே இருக்கிறது பாருங்கள்" என்று காட்டினால், அதை மட்டும் வைத்து ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆர்-22 வாயுவில் ஓடும் ஏ.சி.யில் 65 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) சாதாரணம். ஆர்-410ஏ, ஆர்-32 வாயுக்களில் அதே எண் கடும் குறைபாட்டைக் காட்டும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் முள் கீழே இறங்கும். உங்கள் ஏ.சி.யில் என்ன வாயு, எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. இன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பியர் குறைவு, இன்டோர் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி, அவுட்டோர் வால்வுக்கு அருகே மெல்லிய குழாயில் உறைபனி, இவை சேர்ந்து தெரிந்தால் கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கிறது. என் ஊகம் தவறு என்று நானே ஒப்புக்கொள்வேன். அப்போதும் நிரப்புவது கடைசி வேலை. முதலில் ஃபிளேர் நட் எனப்படும், குழாய்களை யூனிட்டோடு சேர்க்கும் திருகு இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாயுவோடு கம்ப்ரசர் எண்ணெயும் சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய் படிந்திருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழ் வரும். கண்டுபிடிக்க முடியாத கசிவுக்கு நைட்ரஜன் நிரப்பிச் சோதிக்க வேண்டும். ஓட்டையை அடைத்தபின் வேக்குவம் பம்ப் போட்டு, குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் முழுவதும் வெளியேற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் தராசில் வைத்து, பெயர்ப்பலகையில் உள்ள கிராம் கணக்கில் நிரப்புவது. தராசு கொண்டுவராதவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஆர்-32 சற்றே தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பது புரோபேன், எளிதில் பற்றிக்கொள்ளும். அவை இருந்தால் படுக்கையில் பெரியவர் இருக்கும் அறையில் நெருப்பு வைத்துக் குழாயை ஒட்டும் வேலை நடக்கவே கூடாது. அவரை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, வாயுவை முறைப்படி வெளியே எடுத்த பிறகே செய்ய வேண்டும்.

புதிது வாங்கும் யோசனைக்கு வருகிறேன். ஆறு ஆண்டு என்பது ஸ்பிளிட் ஏ.சி.க்குப் பெரிய வயதல்ல. கம்ப்ரசர் போய்விட்டது, அல்லது இன்டோர் காயிலே பல இடங்களில் அரித்துவிட்டது என்று சோதனையில் தெரிந்தால் யோசிக்கலாம். இப்போது வாங்கினால், புதிய யூனிட்டையும் அதே தகரத்தின் கீழே, அதே மறைப்புக்குப் பின்னால்தான் மாட்டப் போகிறீர்கள். அடுத்த கோடையில் இதே கடிதத்தை எனக்கு மறுபடி எழுதுவீர்கள்.

உங்கள் மாமனாரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. இயந்திரம் சரியாகும்வரை, வெயில் விழும் ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டு, காலையிலேயே மூடிவிடுங்கள். வெளியே சூடேறும் முன், காலை 9 மணிக்கே ஏ.சி.யைத் தொடங்கி 26 டிகிரியில் வையுங்கள். சூடேறிய சுவரைக் குளிர்விப்பதைவிட, சூடேறாமல் காப்பது இந்த இயந்திரத்துக்கு எளிது. மேலே மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் 27, 28 டிகிரியிலும் அவருக்கு இதமாக இருக்கும். கம்ப்ரசர் நின்று வெறும் காற்று வரும்போது ரிமோட்டில் உடனே அணைத்து அணைத்துப் போடாதீர்கள். அது ஆற நேரம் கொடுங்கள். முதியவர்களுக்குத் தாகம் எளிதில் தெரியாது. மருத்துவர் தடை சொல்லியிருந்தாலன்றி, கேட்காவிட்டாலும் அவ்வப்போது தண்ணீர் கொடுங்கள். உடல் கொதித்து, பேச்சு தடுமாறினாலோ, வழக்கத்துக்கு மாறாக அயர்ந்து கிடந்தாலோ ஏ.சி.யைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மறைப்பைக் கழற்றுவதற்கு முன் ஒரு நாள், கழற்றிய பின் ஒரு நாள், அதே பகல் 2 மணிக்கு எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மெக்கானிக் வந்ததும் அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். எனக்கும் ஒரு படி அனுப்பினால் மகிழ்வேன்.